கையில் காசில்லாமல் எடுத்த இத்தாலியக் கொலைப்படத்துக்கு அந்த நிறம் எப்படி வந்தது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். மாரியோ பாவா 1964ல் எடுத்த ‘பிளட் அண்ட் பிளாக் லேஸ்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். உதடும் குரலும் ஒட்டவே இல்லை. யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்பது படம் முடிந்த அரைமணியில் மறந்துவிட்டது. ஆனால் அந்தப் பச்சையும் ஊதாவும் சிவப்பும் இரண்டு நாளாகக் கண்ணை விட்டுப் போகவில்லை என்கிறீர்கள். இதைச் சொற்பக் காசில் எடுத்தார்கள் என்று எங்கோ படித்ததும் சந்தேகம் வந்திருக்கிறது. அந்த அழகு தெரிந்து செய்ததா, வசதி இல்லாததால் தானாக அமைந்ததா, இல்லை ரசிகர்கள் பிற்பாடு ஏற்றிச் சொல்வதா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். காசில்லாத இடத்தில் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? எந்த மொழியில் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒளிப்பதிவு படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் சென்னையில் உதவியாளனாகவும் பிறகு தனியாகவும் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாடம் எடுக்கிறேன். அதனால் இந்தப் படத்தை ஒரு லைட்மேன் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலத்தான் என்னால் பார்க்க முடியும். என் பதிலும் அங்கிருந்துதான் வரும். சுருக்கமாகச் சொன்னால், அது தெரிந்து செய்த அழகு. ஆனால் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அவருக்குச் சொன்னது பணமுடைதான். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் படம் புரியாது.

முதலில் இந்த வகைப் படங்களுக்கு உள்ள ‘ஜல்லோ’ என்ற பெயர். இத்தாலிய மொழியில் அதற்கு மஞ்சள் என்று பொருள். மிலானில் இருந்த மொண்டதோரி பதிப்பகம் 1929ல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிடத் தொடங்கியது. அவை விற்ற விற்பனையில், துப்பறியும் கதை என்றாலே மஞ்சள் என்று ஆகிவிட்டது. இன்றும் இத்தாலியர் ஒருவர் ஜல்லோ என்றால் எந்தக் கொலைமர்மக் கதையையும் சொல்வார், ஆங்கில நாவலின் மொழிபெயர்ப்பு உட்பட. கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, அழகான பெண்கள், கடைசியில் முகமூடி கழல்வது என்று நாம் நினைத்துக்கொள்ளும் குறுகலான அர்த்தம், வெளிநாட்டு ரசிகர்கள் சினிமாவுக்கென்று பிடித்துக்கொண்டது. படத்தின் இத்தாலியத் தலைப்பு ‘சேய் தொன்னே பெர் லஸ்ஸஸ்ஸீனோ’, அதாவது ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’. மொண்டதோரியின் மஞ்சள் அட்டையில் அச்சடித்தாலும் பொருந்தியிருக்கும்.

இப்படிப்பட்ட படத்துக்கு யார் பணம் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் அப்போது சினிமாக் கூட்டம் பிரமாண்டமானது. 1955ல் ஒரே வருஷத்தில் 81.9 கோடி டிக்கெட் விற்றது. நகரத்தின் பெரிய தியேட்டர்களில் முதல் சுற்று, பிறகு இரண்டாம் சுற்று, கடைசியில் புறநகரும் சிற்றூரும் சேர்ந்த மூன்றாம் சுற்று என்று ஒரு பிரிண்ட் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தனை திரைக்கும் தீனி போட வேண்டும். ஒரு வகைப் படம் ஓடினால் உடனே அதே சாயலில் இருபது முப்பது படம் வரும். இதை அவர்கள் ‘ஃபிலோனே’ என்பார்கள். தங்கச் சுரங்கத்தில் ஓடும் கனிமக் கோட்டுக்குச் சொல்லும் சொல். பழங்கால வீரர் படங்கள், அதன்பின் துப்பாக்கி வெஸ்டர்ன், அதன்பின் ஜல்லோ. விநியோகஸ்தர்கள் தரும் குறைந்தபட்ச உத்தரவாதத்தை நம்பித்தான் தயாரிப்பாளர் படத்தை ஆரம்பிப்பார். வெளிநாட்டுப் பங்காளி கிடைத்தால் பளு குறையும். இந்தப் படத்திலும் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனிப் பங்கு உண்டு. ஜெர்மனியில் 1959 முதல் எட்கர் வாலஸ் நாவல்களை வைத்து எடுத்த கொலைமர்மப் படங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட முகமில்லாத கொலைகாரன் பாவாவின் படத்துக்கு வந்து சேர்ந்ததில் அந்தச் சந்தைக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

செலவு ஒன்றரை லட்சம் டாலருக்குள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. ஒரு தயாரிப்பில் பல நாட்டுப் பணம் கலக்கும்போது இப்படிப்பட்ட எண்ணைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பணமுடை இருந்தது என்பதற்கு எண்ணே தேவையில்லை, திரையிலேயே தெரிகிறது. படத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாளிகையில் நடக்கும் பேஷன் ஹவுஸ், அதன் தோட்டம், ஒரு பழம்பொருள் கடை, இரண்டு மூன்று வீட்டு அறைகள். அவ்வளவுதான். ரோம் நகரத்தில் நடக்கும் கதையில் ரோம் நகரமே கிட்டத்தட்ட இல்லை.

இனி பாவா. இவர் இயக்குநராக ஆரம்பித்தவர் அல்ல. 1914ல் சான் ரெமோவில் பிறந்தவர். அப்பா யூஜெனியோ பாவா மௌனப்பட காலத்து ஒளிப்பதிவாளர், தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். மகன் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தார். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மற்றவர்களுடைய படங்களுக்கு கேமரா பிடித்தார். 1957ல் வந்த ‘இ வாம்பீரி’ படத்தின் இயக்குநர் ரிக்கார்தோ ஃப்ரேதா நடுவில் விலகிப்போனபோது, மிச்சத்தை முடித்துக் கொடுத்தது இவர்தான். 1960ல் ‘லா மாஸ்கெரா தெல் தெமோனியோ’ மூலம் தன் பெயரில் இயக்குநர் ஆனபோது வயது நாற்பத்தாறு. ஆக, விளக்குக்குப் பின்னால் பாதி ஆயுள் கழித்த ஒருவரிடம் சின்ன பட்ஜெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் அந்தப் படத்தில் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பழம்பொருள் கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நிக்கோல் என்ற மாடல் இரவில் தனியாக அங்கே வருகிறாள். கவசங்கள், சிலைகள், தொங்கும் திரைகள். வெளியிலிருந்து ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு எரிகிறது. எரியும்போது ஒரு சுவர் பச்சையாகிறது, ஒரு மூலை ஊதாவாகிறது. அணைந்ததும் எல்லாம் இருட்டு. அவள் நடக்க நடக்க முகம் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போகிறது. என் மாணவர்களிடம் இந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, எத்தனை விளக்கு என்று கேட்பேன். பதினைந்து, இருபது என்பார்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிழலை எண்ணச் சொல்வேன். பெரும்பாலான ஷாட்டில் மூன்று அல்லது நான்கோடு நின்றுவிடும்.

அது எப்படிச் சாத்தியம் என்பதற்கு அந்தக் காலத்துப் பிலிமைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1962ல் வந்த ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், 50 ஏஎஸ்ஏ. இன்று டிஜிட்டல் கேமராவை 800ல் வைத்து எடுப்பவருக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ, அதைப்போல் பதினாறு மடங்கு அந்தப் பிலிமுக்கு வேண்டும். அதற்கு மேல் விளக்குக்கு முன்னால் ஜெலட்டின் என்ற மெல்லிய நிறத்தாள் போட்டால் இன்னும் மோசம். கரும்நீல ஜெலட்டின் வழியாகப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட வெளியே வராது. எங்கள் யூனிட்டில் ‘பேபி’ எனப்படும் சின்ன விளக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நீல இரவு எடுக்க முயன்றது நினைவிருக்கிறது. ஜெலட்டின் சூட்டில் சுருங்கி, நடுவில் வெளிறி, சுவரில் விழுந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அறை முழுவதையும் நீலமாக்க நினைத்தோம், அதுதான் எங்கள் தப்பு.

பாவா அறையை வெளிச்சமாக்கவே இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சின்ன இடத்தை மட்டும் ஒதுக்கினார். விளக்கைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெளிச்சம் வேகமாக ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. முகத்திலிருந்து மூன்றடியில் இருக்கும் விளக்கு, பன்னிரண்டு அடியில் இருக்கும் சுவருக்குக் கொடுப்பது பதினாறில் ஒரு பங்குதான். அந்தச் சுவர் பிலிமில் ஏறத்தாழ கறுப்பாகிவிடும். அதாவது சின்ன விளக்கைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு லாபம்: முகம் சரியாக விழும், பின்னால் இருக்கும் வெற்றுச் செட் மறையும். செட் போடக் காசில்லாதவனுக்கு இருட்டைவிட மலிவான செட் கிடையாது. அந்த இருட்டுக்குள் நான்கடி அகலத்துக்கு ஒரு பச்சை, அதைத் தாண்டி ஒரு ஊதா என்று வைத்துவிட்டால், கண் நடுவிலிருக்கும் கறுப்பைத் தானாக இட்டு நிரப்பி, பெரிய மாளிகை என்று நம்பிக்கொள்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கறுப்பு வெள்ளையில் ஆழம் காட்ட வேண்டுமென்றால் முன்னால் ஒரு அளவு வெளிச்சம், நடுவில் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று பிரிக்க வேண்டும். அதற்கு விளக்கும் அதிகம், நேரமும் அதிகம். பாவா அந்தப் பிரிவினையை நிறத்திடம் ஒப்படைத்தார். முன்னால் நிற்கும் ஆள் மஞ்சள் கலந்த சூடான வெளிச்சத்தில், நடுவில் தொங்கும் திரை சிவப்பில், பின்சுவர் பச்சையில். மூன்றும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்கு முந்தைய வருஷம் அவர் எடுத்த ‘லா ரகாட்ஸா கே சபேவா த்ரோப்போ’ ஒரு கறுப்பு வெள்ளைக் கொலைமர்மப் படம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அங்கே நிழலின் ஓரத்தால் செய்த வேலையை இங்கே நிறம் செய்கிறது. நிறத்துக்குக் காரணமும் சொல்வதில்லை. ஊதா வெளிச்சம் வருவதற்கு அந்த அறையில் எந்த விளக்கும் இல்லை, பாவா அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை. டைட்டில் ஓடும்போதே நடிகர்களைத் துணிக்கடைப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்தி, அவர்கள்மேல் நிறத்தைப் பாய்ச்சிவிடுகிறார். இங்கே மனிதர்களும் பொம்மைகளும் ஒன்று, வெளிச்சத்துக்கு நியாயம் கேட்காதே என்று முதல் இரண்டு நிமிஷத்திலேயே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.

ஆனால் ஒரு இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும். டைட்டிலில் ஒளிப்பதிவு என்று இருப்பது பாவா பெயர் அல்ல, உபால்தோ தெர்ட்ஸானோ. வெளிச்சமெல்லாம் பாவாவே அமைத்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். செட்டில் யார் கை எந்த விளக்கைத் தொட்டது என்பதை வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. ஆனால் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த வருஷம், 1965ல், பாவா எடுத்த ‘தெர்ரோரே நெல்லோ ஸ்பாட்ஸியோ’ என்ற விண்வெளிப் படத்தில் ஒளிப்பதிவாளராக வேறொருவர் பெயர் இருக்கிறது. ஆனால் அதே பச்சை, அதே ஊதா, அதே இருட்டுத் தீவுகள், அங்கே வேற்றுக்கிரகமாக வேஷம் போட்டு நிற்கின்றன. பெயர் மாறியும் வெளிச்சம் மாறவில்லை என்றால் அது இயக்குநருடைய வெளிச்சம்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தெர்ட்ஸானோவின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேமரா அத்தனை வழுவழுப்பாக நகர்வதற்கு ஒரு நல்ல கை வேண்டும். அவர் 1975ல், பிற்பாடு ஜல்லோவில் பெயர் வாங்கிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் ‘ப்ரோஃபோந்தோ ரோஸ்ஸோ’வில் கேமரா இயக்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் மதிப்பு தெரியும்.

கேமரா நகர்வு என்றதும் அந்தப் புகழ்பெற்ற கதையைச் சொல்லியாக வேண்டும். கேமராவை வைத்துத் தள்ளும் டிராலி வண்டியின் வாடகைக்குக் காசில்லாததால் குழந்தைகள் இழுத்து விளையாடும் பொம்மை வண்டியில் கேமராவை வைத்து இழுத்தார்கள். கிரேனுக்குப் பதில் ஏற்றப்பலகை மாதிரி ஒன்றைக் கட்டி, ஒரு முனையில் கேமராவையும் மறுமுனையில் எடைக்கு யூனிட் ஆட்களையும் வைத்தார்கள். இதெல்லாம் படத்தில் வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் நினைவிலிருந்து சொன்னவை. நினைவு கொஞ்சம் மெருகேறும் என்பதை ஒதுக்கிவைத்தாலும், தொழில் தெரிந்தவனுக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. சின்னச் சக்கரம் கரடுமுரடான தரையில் குதிக்கும், மழமழப்பான தரையில் குதிக்காது. படத்தில் கேமரா எங்கே தாழ்வாக நீண்டு நகர்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் பேஷன் ஹவுஸின் பளபளப்பான தளத்தில்தான். நாங்களும் மொசைக் தரையில் போர்வையை விரித்து, அதன்மேல் கேமராவோடு ஆளை உட்காரவைத்து இழுத்திருக்கிறோம். வேகம் ஒரே சீராக இருந்தால் திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சீராக இழுப்பதற்குத்தான் ஆள் வேண்டும். தண்டவாளம் இரண்டாம் பட்சம்.

குரலைப் பற்றி நீங்கள் நினைப்பதில் ஒரு திருத்தம். உதடு ஒட்டாததற்குக் காரணம் இந்தப் படத்தின் ஏழ்மை அல்ல. இத்தாலிய சினிமா முழுவதுமே அப்படித்தான் இருந்தது. 1930களில் முசோலினி அரசு வெளிநாட்டுப் படங்கள் இத்தாலிய மொழியில்தான் ஓட வேண்டும் என்று விதித்தது. அதனால் அங்கே டப்பிங் தொழில் வேரூன்றிவிட்டது. போருக்குப் பிறகு சொந்தப் படங்களையும் சத்தமில்லாமலோ, வழிகாட்டிக்கு மட்டும் ஒலி எடுத்தோ படம்பிடித்துவிட்டு, குரலை ஸ்டுடியோவில் சேர்க்கும் பழக்கம் நிலைத்தது. பெரும்புகழ் பெற்ற இயக்குநர் ஃபெல்லினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லியே எடுத்திருக்கிறார்; அவருக்கா காசில்லை? ஆனால் இந்த ஏற்பாடு ஏழைத் தயாரிப்பாளருக்கு வரப்பிரசாதம். அமெரிக்கரும் ஹங்கேரியில் பிறந்தவரும் ஜெர்மானியரும் இத்தாலியரும் ஒரே பிரேமில் நடிக்கலாம். சத்தம் போடும் கேமராவே போதும். இயக்குநர் ஷாட் ஓடும்போதே “மெதுவா திரும்பு” என்று சொல்லலாம். தமிழ்ப் படங்களில் நான் சேர்ந்த காலத்திலும் இதேதான். ஆரி 2சி கேமரா ஓடும் கரகரப்பில் செட்டில் பேசிய வசனம் எதற்கும் உதவாது, எல்லாம் டப்பிங் தியேட்டரில்தான். அதனால்தானோ என்னவோ, இந்த விஷயம் மற்றவர்களை உறுத்துமளவு என்னை உறுத்தவில்லை.

இதில் இன்னும் நுணுக்கமான ஒன்று. கதாநாயகனாக வரும் கேமரன் மிட்செல் அமெரிக்கர். நீங்கள் ஆங்கிலப் பிரதியைப் பார்த்திருந்தால், அவர் வாயிலிருந்து வரும் ஆங்கிலம் அவருடையது அல்ல. பால் ஃப்ரீஸ் என்ற குரல்நடிகர் அவருக்கும், படத்திலுள்ள இன்னும் பல ஆண்களுக்கும் சேர்த்துப் பேசியிருக்கிறார். சந்தேகத்துக்குரிய ஆண்கள் எல்லோரும் ஒரே தொண்டையில் பேசுவதுபோல உங்களுக்குப் பட்டிருந்தால், உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இங்கே காசை மிச்சம் பிடித்தது படத்துக்குக் கெடுதல்தான் செய்தது, அதை மூடி மறைக்கத் தேவையில்லை.

கொலைகாரனின் உடையைக் கவனியுங்கள். கறுப்புத் தொப்பி, மழைக்கோட்டு, கையுறை, முகத்தில் கண் மூக்கு தெரியாதபடி இறுக்கிய வெள்ளைத் துணி. மர்மத்துக்கு இது உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தயாரிப்புக்கும் உதவும். முகமே தெரியாத பாத்திரத்துக்கு எந்த நாளில் எந்த ஆளையும் நிறுத்தலாம். பெரிய நடிகரின் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அர்ஜெந்தோ தன் படங்களில் கையுறை போட்ட கைகளாகத் தன் கைகளையே அடிக்கடி பயன்படுத்தினார். வெளிச்சத்தின் கோணத்திலும் ஒரு காரணம் உண்டு. கறுப்புத் துணி இருட்டில் காணாமல் போய்விடும். கறுப்புத் தோலோ ஒரு சின்ன விளக்குக்கே ஓரத்தில் மினுங்கும், விரல் மடங்குவதும் நீள்வதும் ஒரு கோடாகத் தெரியும். பாவா இதற்காகத்தான் தோலைத் தேர்ந்தெடுத்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 50 ஏஎஸ்ஏ பிலிமில் இருட்டறைக் காட்சி எடுக்கும் எவரும் துணிக் கையுறையை முதல் டெஸ்ட்டிலேயே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

கதை மனதில் நிற்கவில்லை என்ற உங்கள் குறையோடு பாதி ஒத்துப்போகிறேன். இசபெல்லா என்ற மாடல் கொல்லப்படுகிறாள். அவள் எழுதிய டைரி கிடைக்கிறது. அதில் போதைமருந்து, கடன், கருக்கலைப்பு என்று அந்தப் பேஷன் ஹவுஸில் உள்ள எல்லோருடைய ரகசியமும் இருக்கிறது. ஆளுக்கொரு காரணம் கொடுத்து, விசாரணையை இன்ஸ்பெக்டரிடம் விட்டுவிட்டு, படம் கொலையிலிருந்து கொலைக்கு நகர்கிறது. துப்பறியும் கதை என்ற கணக்கில் இது பலவீனம்தான். ஆனால் டைரியை வைத்து ஒரு காட்சி செய்கிறார், அதை மறந்திருந்தால் மறுபடி பாருங்கள். டைரி ஒரு கறுப்புக் கைப்பைக்குள் இருக்கிறது. பேஷன் ஷோ நடந்துகொண்டிருக்கிறது. பெண்கள் உடை மாற்ற ஓடுகிறார்கள், ஆண்கள் கடந்து போகிறார்கள். பை மட்டும் மேஜையில் அசையாமல் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அதன்மேல் ஒரு நொடி நின்று நகர்கிறது. ஒரு பை, சில பார்வைகள், இடைவிடாத நடமாட்டம். வசனம் எதுவும் சொல்லாததை அந்தப் பை சொல்லிவிடுகிறது. எழுத்தில் இல்லாத பதற்றத்தைக் கேமராவை எங்கே வைப்பது என்பதால் உண்டாக்குவது என்றால் இதுதான். காரணங்கள் மறந்துபோன பிறகும் பை நினைவிருக்கும்.

ஒன்றை மனசாட்சியோடு சொல்ல வேண்டும். பெண்களைக் கொல்வதை இவ்வளவு அழகாகக் காட்டுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பெக்கி என்ற மாடலின் முகத்தைக் கனலும் அடுப்பில் அழுத்தும் காட்சியை வகுப்பில் நான் ஓட்டுவதில்லை. கொலைகாரன் பெண்களைப் பொம்மைகளாக நடத்துகிறான், கேமராவும் அப்படியே நடத்துகிறது, இதைப் படமே விமரிசனம் செய்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். டைட்டிலில் மனிதரும் பொம்மையும் சேர்ந்து நிற்பது அந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம். இருந்தாலும் அந்தச் சாவுகளில் படம் தேவைக்கு மேல் நின்று பார்க்கிறது. வெளிச்சத்தை வியக்கிற அதே வாயால் இதையும் சொன்னால்தான் நேர்மை.

ரசிகர்கள் ஏற்றிச் சொல்கிறார்களா என்றீர்களே, சில இடங்களில் ஆமாம். ‘முதல் ஜல்லோ’ என்று சிலர் இதைச் சொல்வார்கள், சிலர் முந்தைய வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொல்வார்கள். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. படம் வெளியானதும் அலை கிளம்பிவிட்டது என்பதும் சரியல்ல. இத்தாலியில் இது பெரிதாக ஓடவில்லை. அலை கிளம்பியது 1970ல், அர்ஜெந்தோவின் முதல் படம் ‘லுச்செல்லோ தல்லே ப்யூமே தி கிறிஸ்தால்லோ’ வெற்றி பெற்ற பிறகு. அந்தப் படம் சிக்கனத்தை வேறு வழியில் கண்டது. பிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும்; ஒரு பிரேமுக்கு நான்கு துளை உயரம் என்பது வழக்கம். ரோமில் இருந்த டெக்னிகலர் நிறுவனம் 1960 வாக்கில் கொண்டுவந்த டெக்னிஸ்கோப் முறையில் இரண்டே துளை. அகலத்திரைப் படம் கிடைக்கும், பிலிம் பாதிதான் செலவாகும். ஆயிரம் அடி பிலிம் பதினொரு நிமிஷத்துக்குப் பதில் இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். செர்ஜியோ லியோனே 1964ல் தன் முதல் வெஸ்டர்னை இப்படித்தான் எடுத்தார். பணமுடைக்குப் பிறந்த முறை, பிறகு அதுவே ஒரு பாணியாகிவிட்டது.

பாவா கடைசிவரை பணமுடையிலேயே வேலை செய்தார். 1971ல் அவர் எடுத்த ‘ரெயாட்ஸியோனே அ கத்தேனா’வில் ஒளிப்பதிவும் அவரே. கதைக்குக் காடு வேண்டும், எடுத்த இடத்திலோ மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கிளைகளை வாங்கிவந்து லென்ஸுக்கு முன்னால் ஆட்டிக் காடாக்கினார் என்று அதில் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். பொம்மை வண்டி டிராலி அந்தப் படத்துக்கும் வந்தது. அதில் வரும் பதின்மூன்று கொலைகளின் அமைப்பை, பத்து வருஷம் கழித்து ‘ஸ்லாஷர்’ எனப்படும் அமெரிக்கக் கத்திப்படங்கள் எடுத்துக்கொண்டன. பாவா 1980ல் காலமானார்; அந்தக் கத்திப்படங்கள் கொட்டிய பணம் எதுவும் அவரிடம் வரவில்லை.

எந்த மொழியில் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தாலியக் குரலும் பிற்பாடு சேர்த்ததுதான், ஆகவே எதையும் அசல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தாலியக் குரலில், ஆளுக்கொரு தொண்டை இருப்பதால் சந்தேகநபர்களைப் பிரித்தறிய முடிகிறது. அதை வைத்துப் பாருங்கள். தேய்ந்த பழைய வீடியோ பிரதிகளில் பச்சையெல்லாம் பழுப்பாகி, இருட்டு சாம்பல் ஆகியிருக்கும். நெகட்டிவிலிருந்து சீராக்கிய பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் இந்தப் படத்தில் கறுப்பு கறுப்பாக இல்லாவிட்டால் செட்டே இல்லை. கார்லோ ருஸ்திகெல்லியின் அந்த மெதுவான நடன மெட்டைப் பற்றி இசை தெரிந்தவர்கள் எழுதினால் நானும் படிப்பேன். அது என் துறை அல்ல. முடிந்தால் ஒரு தடவை ஒலியை அணைத்துவிட்டு, பழம்பொருள் கடைக் காட்சியில் வெளிச்சம் அணையும் நொடிகளை மட்டும் பாருங்கள். நிக்கோல் எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாத நொடிகள் எத்தனை என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள். என் மாணவர்கள் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.